பெரிய செப்பிலியைத் தேடி வரும் ஒரகடத்துத் தூண்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் ஆலைகளில் வாரம் முழுக்க ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் ராடும் ரீலுமாகக் கோவளம் பக்கம் கிளம்பும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று வந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். விடியுமுன் மணலில் வந்து நிற்கும் பைக்குகளில் நம் வட்டாரத்து வண்டிகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். கழுத்தில் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல், நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு படகேற வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

நானும் உங்களில் ஒருவன்தான். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன். அப்பா தூண்டில் தொழில் செய்தவர். ஐடிஐ ஃபிட்டர் படித்துவிட்டு ஒரகடத்தில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் இன்னும் கடலுக்குப் போகிறேன்.

வருகிறவர்கள் படகுக்காரரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, பெரிய செப்பிலி மாட்டுமா?" மாட்டும். ஆனால் அதற்கான முறைகளைப் பலரும் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பெரிய செப்பிலியைப் பிடிக்கிற வித்தையும், அதை உயிரோடு திருப்பி அனுப்புகிற வித்தையும் ஒன்றுதான் என்பது என் எண்ணம். பிடிக்க மட்டும் தெரிந்தவருக்குப் பிடிக்கவும் முழுசாகத் தெரியாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இத்தனை நீள மடல்.

முதலில் மீனைப் பற்றி. காசிமேட்டில் கூடை கூடையாகக் கிடக்கும் சிறு சங்கராவைப் பார்த்துவிட்டு இதையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். செம்பு நிற உடம்பு, கருத்த முதுகு, வாயைத் திறந்தால் முன்னால் துருத்தும் கோரைப்பல். குஞ்சாக இருக்கும்போது கழிமுகங்களில் வாழும். அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் பாலத் தூண்களின் அடியிலும் முகத்துவாரத்துக் கல் இடுக்குகளிலும் ஒளிந்து வளரும். சில வருடம் அங்கே கழித்து, உடம்பு தேறிய பிறகு கடலடிப் பாறைத் திட்டான பாருக்குப் போகும். முட்டையிடுவது அங்கேதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனின் காதுக்கல்லை அறுத்து, அதில் படிந்த வளையங்களை எண்ணி வயது பார்த்திருக்கிறார்கள். 30 வயதைத் தாண்டிய மீன்கள் கிடைத்தன. அரை மீட்டர் நீளத்தை நெருங்கிய பிறகுதான் பெரும்பாலானவை பருவத்துக்கு வருகின்றன. ஆக, நீங்கள் படம் எடுக்க ஆசைப்படும் அந்தப் பெரிய மீன் பல ஆண்டுகளாகக் குஞ்சுகளுக்குத் தாயாகவோ தகப்பனாகவோ இருந்து வருவது.

நம்மில் பலர் தூண்டில் பழகியது ஏரியில். விராலும் ஜிலேபியும் பிடித்துப் பழகிய கை, மீன் ஓடினால் தூண்டில் நரம்பை விடும். களைத்த பிறகு இழுக்கும். வெட்டவெளித் தண்ணீரில் அது சரி. செப்பிலியிடம் அந்தப் பழக்கம் செல்லாது. அது இரையை எடுப்பதே வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான். கவ்விய மறு நொடி திரும்பி, வந்த பொந்துக்குள் பாயும். உள்ளே போய்ச் செவுளை விரித்துக்கொண்டு நின்றுவிட்டால் நரம்பு கல்லில் உரசி அறும். தூண்டில் முள்ளோடும் அறுந்த நரம்போடும் ஒரு மீன் பாருக்குள் கிடக்கும். உங்களுக்கும் பயனில்லை, கடலுக்கும் பயனில்லை. அதனால் இந்த மீனைப் பொறுத்தவரை எல்லாம் முதல் பத்து நொடிதான். அந்தப் பத்து நொடிக்கான ஏற்பாட்டைப் படகு நிறுத்தும்போதே தொடங்க வேண்டும்.

பார் எங்கே என்பது படகுக்காரருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கரையில் தெரியும் கோபுரம், குன்று, பனைமரக் கூட்டம் என்று இரண்டு இரண்டு அடையாளங்களை நேராக்கிப் பார்த்து, அந்த இரு கோடும் வெட்டும் இடத்தில் கல்லைக் கண்டுபிடிப்பார்கள். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது. இயற்கைப் பார் போக, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் தமிழ்நாட்டுக் கரையோரம் பல ஊர்களுக்கு எதிரே சிமெண்டால் செய்த செயற்கைப் பார்களும் இறக்கப்பட்டிருக்கின்றன. கிணற்று உறைபோன்ற வளையங்களும் முக்கோணக் கட்டுகளுமாக இருக்கும் அவற்றிலும் செப்பிலியும் கலவாவும் குடியேறுகின்றன. எந்தப் பாராக இருந்தாலும் அது அந்த ஊர்க்காரர்களின் வாழ்வாதாரம். அவர்கள் நம்பிக் காட்டிய இடத்தை ஃபோனில் குறித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

பாருக்கு நேர் மேலே நங்கூரம் போடுவதுதான் பெரிய தப்பு. அங்கே மாட்டும் மீன் செங்குத்தாகக் கீழே போனாலே வீடு வந்துவிடும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். சென்னைக் கரையில் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. மேலே காற்று ஒரு பக்கம், கீழே நீரோட்டம் ஒரு பக்கம் என்று இருக்கும் நாட்கள் உண்டு. அதனால் பாரின் மேல் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் குண்டு கட்டி மிதக்கவிட்டு, எஞ்சினை அணைத்து, படகு எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்தக் கோட்டிலேயே பின்னோக்கிப் போய், பாருக்கு மேல்பக்கம் நங்கூரத்தை இறக்கி, கயிற்றை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். பத்துப் பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழம் என்றால் முப்பது பாகம் கயிறாவது வேண்டும். பாரின் விளிம்புக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் படகு நிற்கட்டும். இரையை அங்கிருந்து நீரோட்டமே விளிம்புக்குக் கொண்டுபோகும். மீன் பொந்தைவிட்டு வெளியே வந்து இரையை எடுக்கும். வெளியே வந்த அந்த நாலைந்து மீட்டர்தான் உங்கள் கையில் இருக்கும் முதல்.

நங்கூரம் பாரில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் சிலர் போடாமலேயே மிதந்துகொண்டு பிடிக்கிறார்கள். நம்மிடம் பற்றவைப்பவர்களுக்கா பஞ்சம்? எட்டு எம்எம், பத்து எம்எம் கம்பியை நான்கு கொக்கியாக வளைத்து ஒரு பைப்பில் பற்றவைத்தால் போதும். மாட்டிக்கொண்டால் கயிற்றைப் படகில் கட்டி எஞ்சினால் இழுக்க, கொக்கி நிமிர்ந்து வெளியே வரும். திரும்ப வளைத்துக்கொள்ளலாம். கயிற்றின் மேல் முனையில் ஒரு மிதவையைக் கட்டி வையுங்கள். அவசரம் என்றால் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. கடைக்காரர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆறரை அடியில் முதுகெலும்புள்ள ராடு. ஐம்பது பவுண்டு பிரெய்டு. அதன் முனையில் ஒன்றரை மீட்டருக்கு அறுபது முதல் எண்பது பவுண்டு வரை தாங்கும் லீடர். அடி தொடும் அளவுக்கு மட்டும் ஈயம், அதுவும் நரம்பில் ஓடும்படி. மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதைச் சிலர் வீரமாகப் பேசுகிறார்கள். அரைமணி நேரம் போராடி மேலே வரும் மீன் பாதி செத்து வரும். தடித்த நரம்பில் மூன்று நிமிடத்தில் வந்த மீனுக்கு உடம்பில் உயிர் மிச்சம் இருக்கும்.

ரீலில் நரம்பு நழுவும் இறுக்கத்தை வைக்கும் டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து "போதும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆலையில் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு நட்டை இறுக்க விடுவோமா? பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றை நரம்பு முனையில் மாட்டி, ராடைத் தூக்கிப் பிடித்து இழுங்கள். ஏழெட்டுக் கிலோவில் நரம்பு நகர வேண்டும். ஐம்பது பவுண்டு என்பது ஏறக்குறைய 23 கிலோ. முடிச்சில் கொஞ்சம் பலம் போகும், வளைவில் கொஞ்சம் போகும். அந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பான அளவு. இதைக் கரையிலேயே செய்துவிட்டுப் படகேறுங்கள்.

முள் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன்: சர்க்கிள் முள். ஆறு முதல் எட்டு நம்பர் வரை, அந்த நம்பருக்குப் பக்கத்தில் கோடு போட்டுச் சுழியம் போட்டிருப்பது. சாதாரண முள்ளை மீன் விழுங்கினால் குடலில் குத்தும். முனை உள்நோக்கித் திரும்பிய சர்க்கிள் முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது வெட்டி இழுக்காமல் இருப்பது மட்டும்தான். ஏரிப் பழக்கத்தில் கை தானாக வெட்டும், அடக்கிக்கொள்ளுங்கள்.

இரைக்கு உயிர் மடவையைவிட மேலானது இல்லை. உள்ளங்கை நீளம் போதும். முட்டுக்காடு கழிமுகத்தில் வீச்சுவலைக்காரர்களிடம் காலையில் கேட்டால் கிடைக்கும். பக்கெட்டில் பேட்டரிக் காற்றுக்குழாய் போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே வாருங்கள். முள்ளைக் கீழுதட்டிலிருந்து மேலே ஏற்றி மூக்கின் வழியாக வெளியே எடுங்கள். முனை முழுசாக வெளியே தெரிய வேண்டும். உயிர் இரை கிடைக்காத நாளில் கவலை மீனைக் குறுக்கே வெட்டித் தலைப்பக்கத்தைப் போடலாம். கடம்பா நன்றாக வேலை செய்யும், சீக்கிரம் பிய்ந்தும் போகாது. இரும்பு ஜிக்கும் ஆழத்தில் நீந்தும் பொம்மை மீனும் பயன்படும். கை ஓயாமல் ஆட்டப் பிடித்தவர்களுக்கு அது நல்ல வேலை. ஆனால் பெரிய செப்பிலிக்குப் பெரும்பாலும் காத்திருப்பதுதான் வழி. நீரோட்டம் திரும்பும் நேரத்திலும் விடியலை ஒட்டியும் அது வெளியே வரும். வெயில் ஏறிவிட்டால் பொந்துதான்.

மாட்டும் நேரத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ராடு கையில் இருக்கிறது. மடவை கீழே பதறுவது நரம்பு வழியாக விரல் நுனிக்குத் தெரியும். படபடவென்று சின்னச் சின்ன உதறல். திடீரென்று அந்த உதறல் வேகமாகும். பெரியது ஒன்று பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. அடுத்து "டொக்" என்று ஒரு கனம். ராடு முனை இரண்டு முறை தலையாட்டி, மூன்றாவது முறை தண்ணீரைத் தொடப்போகும். அப்போது ராடைத் தூக்காதீர்கள், வெட்டாதீர்கள். முனையை அப்படியே தாழ்வாக வைத்துக்கொண்டு ரீலைச் சுற்றுங்கள், நிறுத்தாமல் சுற்றுங்கள். கனம் ஏறிக்கொண்டே வந்து முள் தானாக அமரும். அமர்ந்தது தெரிந்ததும் ராடின் அடியை இடுப்பில் ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்த்து ஐந்து மீட்டரை மீட்டுவிடுங்கள். படகில் மற்ற எல்லோரும் தங்கள் நரம்பை எடுத்துவிட வேண்டும். "போட்டோ எடு" என்று யாரும் கத்தக் கூடாது. ஐந்து மீட்டர் மேலே வந்துவிட்ட செப்பிலி பலமாக முட்டும், திரும்பும், இன்னும் இரண்டு முறை கீழே பாயும். ஆனால் வீட்டை இழந்துவிட்ட மீன் அது.

அதையும் மீறிப் பொந்துக்குள் போய்விட்டால் இழுத்துக்கொண்டே நிற்காதீர்கள். நரம்பைத் தளர்த்தி, அசையாமல் சில நிமிடம் விடுங்கள். இழுப்பு இல்லை என்று தெரிந்ததும் மீன் பெரும்பாலும் செவுளைச் சுருக்கிக்கொண்டு வெளியே வரும். நரம்பு நகர்வது தெரிந்ததும் ஒரே மூச்சில் சுற்றுங்கள். பொறுமை உள்ளவர்கள் இப்படி எத்தனையோ மீனை மீட்டிருக்கிறார்கள்.

படகோரம் வந்ததும் கொக்கியால் குத்தித் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் பூசிய வலைக்கூடையில் தலை முதலில் வரும்படி வாங்குங்கள். அந்தக் கோரைப்பல் விரலைக் கிழிக்கும். முள்ளை எடுக்க நீண்ட மூக்குக் குறடு வேண்டும். உதட்டைக் கவ்வும் இடுக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பதும் கூடாது. தண்ணீருக்குள் இருக்கும்வரை தன் எடையையே உணராத உடம்பு அது. தொங்கவிட்டால் உள்ளுறுப்புகள் கீழே இழுபடும். ஈரக் கையால் வயிற்றுக்கு அடியில் தாங்கி, படுக்கை வாட்டில் பிடியுங்கள். அளவு பார்க்கும் பலகை தயாராக இருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இனித் திருப்பி அனுப்புவது. பத்துப் பாகம் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த மீனின் காற்றுப்பை ஊதிவிடும். வயிறு உப்பும், கண் பிதுங்கும், சிலவற்றுக்கு இரைப்பையே வாய் வழியாக வெளியே தள்ளும். அப்படியே தண்ணீரில் விட்டால் கீழே போக முடியாமல் மல்லாந்து மிதக்கும். கழுகும் சுறாவும் பார்த்துக்கொள்ளும். சிலர் வாயில் தெரிவதைக் குத்துகிறார்கள். அது இரைப்பை, காற்றுப்பை அல்ல. செய்ய வேண்டியது அதை வந்த ஆழத்துக்கே கொண்டுபோய் விடுவது. ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ இரும்புத் தண்டு ஒன்று. அதில் எதிர்முனை இல்லாத பெரிய முள் ஒன்றைத் தலைகீழாகப் பற்றவைத்து, முள்ளின் வளைவுப் பக்கத்தில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். மீனின் கீழுதட்டில் அந்த முள்ளை மாட்டி இறக்கினால், கனம் மீனைத் தலைகீழாகக் கீழே இழுத்துப் போகும். ஆழம் கூடக்கூட அழுத்தத்தில் காற்றுப்பை பழைய அளவுக்குச் சுருங்கும். அடியைத் தொட்டதும் கயிற்றை ஒருமுறை வெடுக்கென்று மேலே இழுத்தால் முள் கழன்றுவிடும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் பார் மீன் பிடிக்கும் படகுகளில் இப்படி ஒரு கருவியோ காற்றை எடுக்கும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்று 2022இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. நம் டூல் ரூமில் கிடக்கும் துண்டு இரும்பில் அரை மணியில் செய்துவிடலாம்.

ஆழம் மிக அதிகமானால் இதுவும் எல்லா மீனையும் காப்பாற்றாது. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கரைக்கு அருகில் உள்ள ஆழம் குறைந்த பார்களோடு நிற்பது நல்லது என்கிறேன். ஆழக்கடல் பார்கள் அவற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இருக்கட்டும்.

அமெரிக்கா என்றதும் அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் செம்மீன் என்றே கூப்பிடப்படும் ஒரு மீன் உண்டு. நம் கத்தாழை, பன்னா குடும்பத்தைச் சேர்ந்தது, வாலடியில் கறுப்புப் பொட்டு வைத்திருக்கும். 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் ப்ரூடோம் அதை மசாலா தடவிக் கருக வறுத்துப் பரிமாற, நாடு முழுக்க அந்த உணவுக்கு அடித்துக்கொண்டார்கள். கடலுக்குள் கூட்டமாக நின்ற பெரிய தாய் மீன்களைச் சுருக்குவலைப் படகுகள் அள்ளின. சில ஆண்டுகளிலேயே நிலைமை கெட்டு, மத்திய அரசின் கடல் எல்லைக்குள் அதைப் பிடிப்பதையே மூடிவிட்டார்கள். அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. கரையோரத்தில் தூண்டில்காரர்களுக்கு அளவுக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: லூசியானாவில் 2024 முதல் 18 அங்குலத்துக்கும் 27 அங்குலத்துக்கும் இடைப்பட்டதை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ள பெரியதை எல்லோரும் தேடிப் பிடிக்கிறார்கள். முகத்துவாரத்து ஓரத்தில் நங்கூரமிட்டு, வெட்டிய மடவையைச் சர்க்கிள் முள்ளில் போட்டு, தடித்த நரம்பில் சீக்கிரம் கொண்டுவந்து, படம் எடுத்து விட்டுவிடுகிறார்கள். வேடிக்கைக்காகப் பிடித்து விடுவது மீனை வதைப்பது என்று நம் ஊரில் சிலர் சொல்கிறார்கள். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் பிடிப்பதை நாம் நிறுத்தப்போவதில்லை என்றால், பெரியதைக் கொல்வதைவிட விடுவது மேல்.

குயின்ஸ்லாந்தில் செப்பிலிக்கு 35 செ.மீ. குறைந்தபட்ச அளவு, ஆளுக்கு ஐந்து என்று விதி. நமக்கு நாமே ஒன்று வைத்துக்கொள்வோம் என்று கேட்கிறேன். சமையலுக்கு ஆளுக்கு ஒரு செப்பிலி, 40 செ.மீ. முதல் 60 செ.மீ. வரை. அதற்கு மேல் போனால் அளந்து, படம் எடுத்து, இரும்புத் தண்டில் கீழே அனுப்பிவிடுவது. குழம்புக்கு இந்த அளவு மீன்தான் ருசி. பெரியது நார் நாராக இருக்கும் என்பது குப்பத்து அம்மாக்களின் தீர்ப்பு. இன்னொரு காரணமும் உண்டு. பவளப் பாறைகளை ஒட்டி வாழும் சில பெரிய செந்நிற மீன்களில் சிகுவாடெரா நோயை உண்டாக்கும் நஞ்சு சேர்ந்துகொண்டே போகும், சமைத்தாலும் போகாது. 2016இல் மங்களூருவில் செப்பிலி இனத்து மீன் தலைகளைச் சமைத்துச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் நோயுற்றார்கள்.

இந்த விதியைப் படகுக்காரர் மேல் திணிக்காதீர்கள். அவர் வீட்டு அடுப்பு அந்த மீனில் எரிகிறது. நமக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பேசிய வாடகையை மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுசாகக் கொடுங்கள். நீங்கள் விடப்போகும் பெரிய மீனின் விலை அவருக்கு நஷ்டமாகத் தெரியும் என்றால், கிளம்பும்போதே அதைப் பேசி வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலில் வைத்து வாக்குவாதம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது நாட்டுப் படகுகள்தான் கடலுக்குப் போகும். அவர்களின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்கள் அவை. அந்த நாட்களில் சவாரிக்கு வரச்சொல்லி நெருக்காதீர்கள்.

செப்பிலியின் குஞ்சு கழிமுகத்தில் வளர்கிறது என்றேன். நம் ஆலைகள் நிற்கும் மண்ணில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மணிமங்கலம், ஆதனூர், செம்பரம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. அந்த ஆறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் விழுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வழியை ஊரே பார்த்தது. மற்ற நாட்களில் மெல்லிய கசிவாக அதே வழியில்தான் எல்லாம் போகிறது. கூலண்ட் தொட்டி கழுவிய நீர், தரையில் சிந்திய ஆயில், பெயிண்ட் பூத்தின் அடியில் படிந்த சேறு ஆகியவை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றனவா, மழைநீர்க் கால்வாய்க்குப் போகின்றனவா என்பது பல நேரம் ஒரு வால்வைத் திறக்கும் கையைப் பொறுத்தது. அந்தக் கை நம்முடையது. பராமரிப்பிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் இருக்கும் தோழர்கள் இதைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் பேச வேண்டும். தப்பான வழியில் போகிற குழாயைப் பார்த்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். பாரில் பெரிய செப்பிலி இல்லையே என்று படகில் உட்கார்ந்து புலம்புவதைவிட இது பயனுள்ள வேலை.

கடைசியாக உங்கள் உயிரைப் பற்றி. நைட் ஷிஃப்ட் முடித்து நேராகப் படகேறாதீர்கள். தூக்கமில்லாத உடம்புக்கு வாந்தி சீக்கிரம் வரும், காலும் நிற்காது. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் படகு வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் தடுமாறுகிறவர்தான் விழுகிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு படகில் அளவுக்கு மேல் ஆளேற்றி, ஒருவரும் லைஃப் ஜாக்கெட் போடாமல் கிளம்பினார்கள். முதல் அலையிலேயே படகு சாய்ந்தது. கரை பக்கத்தில் இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு ஜிக் வாங்கும் ஆசையை அடக்கினால் அந்தக் காசு தேறும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் தினமும் முன்கூட்டிச் சொல்கிறது. முந்தின இரவு பாருங்கள். பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று ஏறும், அதற்குள் கரை திரும்பிவிடுங்கள். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் ஃபோனில் பதிந்து வையுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும். அதன் உடம்பில் சுற்றிக்கொள்ளும் அறுந்த நரம்பு ஒரு முழம்கூடத் தண்ணீரில் போகக் கூடாது; சட்டைப் பையில் சுருட்டி வைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

மீனை இறக்கும் தண்டும் அளவுப் பலகையும் செய்யும் வரைபடம் என்னிடம் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது செய்துவிடலாம். கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாம் வழக்கமாகப் போகும் படகுகளுக்கு ஒன்று ஒன்று கொடுத்துவைக்கலாம் என்று நினைக்கிறேன். பற்றவைக்கத் தெரிந்தவர்களும், மிஞ்சிய கம்பியோ வெட்டுத் துண்டோ முறையாக கேட் பாஸ் போட்டு வாங்கித் தரக்கூடியவர்களும் ஒரகடம் கூட்டுரோடு டீக்கடையில் மாலை ஷிஃப்ட் பஸ் வரும் நேரத்துக்கு வந்தால் பேசலாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர்